இன்னொருவர் கூடுதலாகக் கேட்டிருக்கிறார் என்று ஏஜென்ட் சொன்னால்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் மூன்று படுக்கையறை டெரஸ் வீடு (பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) ஒன்று 515,000 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. நீங்களும் மனைவியும் போய்ப் பார்த்துவிட்டு 490,000 பவுண்டுக்கு ஆஃபர் கொடுத்தீர்கள். மறுநாள் ஏஜென்ட் போன் செய்து, இன்னொருவர் உங்களைவிடக் கூடுதலாகக் கேட்டிருக்கிறார், 505,000 என்றால் ஓனரிடம் பேசி முடித்துத் தருகிறேன், நாளை மாலைக்குள் பதில் வேண்டும் என்கிறார். போகிற போக்கில், எங்கள் ஆபீஸ் மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) ஆலோசகரை ஒரு தடவை பார்த்துவிட்டால் உங்கள் ஆஃபருக்கு வலு கூடும் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது உண்மையா பொய்யா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்கு விடை கிடைத்தாலும் உங்கள் சிக்கல் தீராது. அந்த இன்னொருவர் நிஜமாகவே இருந்தாலும் நீங்கள் 505 கொடுக்கலாமா என்பது தனிக் கேள்வி. அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

நான் சில வருடங்கள் லண்டனில் ஒரு ஏஜென்சியில் நெகோஷியேட்டராக, அதாவது வாங்குகிறவர்களிடம் விலை பேசுகிறவராக இருந்தேன். அப்புறம் மார்ட்கேஜ் ஆலோசகராக மாறி இன்றும் அந்த வேலைதான். அதாவது, உங்களுக்கு வந்த மாதிரி போன் போடும் வேலையையும் செய்திருக்கிறேன், அந்த போன் வந்ததும் பதறிக்கொண்டு கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையையும் செய்கிறேன். சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் ஆஃபர் சாலிசிட்டர் (வழக்கறிஞர்) வழியாகப் போகும், வீட்டின் நிலைமையை ஆராயும் சர்வே அறிக்கையை விற்கிறவரே முன்கூட்டித் தர வேண்டும், எல்லாமே வேறு கணக்கு. நான் வழக்கறிஞர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரி பற்றிக் கீழே எழுதியிருப்பதை உங்கள் சாலிசிட்டரிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏஜென்ட் யாருடைய ஆள் என்பதில் குழப்பமே வேண்டாம். அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்கிறவர். சட்டப்படி அவர் கடமைப்பட்டிருப்பதும் விற்கிறவருக்குத்தான். உங்களிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும், பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், வெம்ப்ளி பக்கமெல்லாம் ஏஜென்ட் தமிழராகவே இருப்பதும் உண்டு. “அண்ணா, உங்களுக்காகத்தான் ஓனரிடம் இவ்வளவு நேரம் பேசினேன்” என்பார். அன்பு நிஜமாகவும் இருக்கலாம். கமிஷன் வரும் திசை அதனால் மாறாது. அதே மாதிரி, வீடு பார்க்கப் போன இடத்தில் மனைவியிடம் “இதை விட்டுடக் கூடாது” என்று தமிழில் சொல்வது அந்த ஊரில் ரகசியம் ஆகாது.

கமிஷனைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல விஷயம் விளங்கும். 1.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், இங்கே அது சாதாரணமான அளவு. 490,000க்கு விற்றால் ஏஜென்சிக்கு 5,880 பவுண்ட். 505,000க்கு விற்றால் 6,060. நீங்கள் 15,000 பவுண்ட் ஏறினால் கம்பெனிக்குக் கூடுதலாக 180 பவுண்ட், போன் செய்த பையனுக்கு அதில் ஒரு சின்னப் பங்கு. ஆனால் பேரம் முறிந்தால் போவது முழு 6,000. இங்கே பெரும்பாலும் விற்றால்தான் காசு. ஆக, அவர் பயப்படுவது குறைந்த விலைக்கு அல்ல, நடுவில் கலைந்துபோகும் விற்பனைக்கு. அப்படியானால் ஏன் விலையை ஏற்றச் சொல்லி நெருக்குகிறார்? ஓனருக்குத் தான் உழைப்பதைக் காட்ட வேண்டும். மாதக் கடைசியில் மேனேஜர் எத்தனை விற்றாய் என்று கேட்பார். அதுவும் போக, கேட்டுப் பார்ப்பதில் அவருக்குச் செலவு எதுவும் இல்லை. எத்தனையோ பேர் முதல் போனிலேயே ஏறிவிடுகிறார்கள்.

இனி அந்த இன்னொருவர். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது, இருக்கும் ஆஃபரைக் கூட்டிச் சொல்வது இரண்டுமே 1991ஆம் ஆண்டின் உத்தரவு ஒன்றில் எஸ்டேட் ஏஜென்டுகள் செய்யக் கூடாத காரியங்களாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. 1979ஆம் ஆண்டு எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டத்தின் கீழ் அப்படிப்பட்டவரைத் தொழிலிலிருந்தே தடை செய்ய முடியும். சட்டம் தெளிவு. நடைமுறையில் நான் பார்த்தவரை, காற்றிலிருந்து ஒரு ஆளை உருவாக்குவது மக்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. அதிகம் நடப்பது இழுத்துப் பேசுவது. சனிக்கிழமை வீடு பார்த்த ஒருவர் “நல்லா இருக்கு, யோசிக்கிறோம்” என்று சொல்லியிருப்பார். திங்கட்கிழமை அவர் “ரொம்ப ஆர்வமான ஒரு பார்ட்டி” ஆகிவிடுவார். அல்லது இன்னொருவர் நிஜமாகவே 495 சொல்லியிருப்பார், ஆனால் அவர் முதலில் தன் வீட்டை விற்றாக வேண்டும், அந்த வீட்டுக்கு இன்னும் ஆளே வரவில்லை. இதையும் ஏஜென்ட் ஆஃபர் என்றுதான் சொல்வார், பொய்யும் ஆகாது. ஓனரைப் பொறுத்தவரை அந்த 495, உங்கள் 490ஐவிட மோசமாகக்கூட இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய ஒரே வழி கேட்பதுதான், அதையும் மின்னஞ்சலில் கேளுங்கள். அந்த ஆஃபர் ஓனருக்கு எழுத்தில் போய்விட்டதா? வாங்குகிறவர் செயினில் இருக்கிறாரா, அதாவது தன் வீட்டை விற்றால்தான் இதை வாங்க முடியுமா? ரொக்கமா, மார்ட்கேஜா? எங்கள் 490ஐ ஓனர் நிராகரித்துவிட்டாரா, அல்லது அது போதாது என்பது உங்கள் அபிப்பிராயமா? தொகையை அவர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அதைக் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். மற்றதற்கு வரும் பதிலின் தொனியே பாதி சொல்லிவிடும். போனில் தாராளமாகப் பேசியவர் எழுத்தில் “ஆர்வம் காட்டியிருக்கிறார்கள்” என்று சுருங்கினால் புரிந்துகொள்ளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. வேண்டாம் என்று ஓனர் எழுத்தில் சொல்லியிருந்தால் தவிர, வருகிற எல்லா ஆஃபரையும் ஏஜென்ட் தாமதமில்லாமல் எழுத்தில் ஓனருக்குத் தெரிவித்தாக வேண்டும். “இதையெல்லாம் ஓனரிடம் கொண்டுபோகவே முடியாது” என்று அவரே முடிவு செய்ய உரிமை இல்லை.

ஆபீஸ் மார்ட்கேஜ் ஆலோசகர் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். தங்களிடம் மார்ட்கேஜோ இன்ஷூரன்ஸோ எடுக்காதவரின் ஆஃபரை ஓரங்கட்டுவதும் அதே உத்தரவில் தடுக்கப்பட்டதுதான். ஆனால் உங்களிடம் பணம் இருக்கிறதா, கடன் கிடைக்குமா என்று சரிபார்ப்பது ஏஜென்டின் முறையான வேலை. அதை மறுத்தால் நீங்கள்தான் சந்தேகத்துக்குரியவர் ஆவீர்கள். வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சரிபார்க்கலாம், வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. “எங்களுக்கு ஆலோசகர் இருக்கிறார், வங்கியின் அக்ரிமென்ட் இன் பிரின்சிபிள் இத்துடன் இருக்கிறது, வேறென்ன ஆதாரம் வேண்டும்?” என்று எழுதினால் போதும். அந்த அக்ரிமென்டை, அதாவது இவ்வளவு கடன் தரலாம் என்று வங்கி முன்கூட்டித் தரும் தாளை, உங்கள் ஆஃபருக்குத் தேவையான கடன் தொகைக்கே எடுத்துத் தரச் சொல்லுங்கள். 470,000 வரை கடன் கிடைக்கும் என்று எழுதிய தாளை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு 490க்கு மேல் முடியாது என்றால் யார் நம்புவார்கள்? ஆபீஸ் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தாலும் இதே சங்கடம்தான். சம்பளம், சேமிப்பு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியாக வேண்டும். அவர் அதை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனாலும் அவர் மேசை நெகோஷியேட்டர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது வீட்டின் விலைக்கு வருவோம். ஏஜென்ட் போட்டிருக்கும் 515 ஆதாரம் அல்ல. ஓனரின் வீட்டைத் தன் கையில் பிடிக்க நாலு ஏஜென்டுகள் போட்டி போடுவார்கள், அதில் கூடுதல் விலை சொன்னவருக்கே பெரும்பாலும் வீடு போகும். பிறகு ஒரு மாதம் கழித்துக் குறைப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதே தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் நிஜமாக விற்ற விலை. அரசின் சொத்துப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரி 1995 முதல் விற்பனை விலைகளை இலவசமாக வெளியிடுகிறது, ரைட்மூவ் என்ற வீட்டு விளம்பர இணையதளத்திலும் பார்க்கலாம். விற்பனை முடிந்து பதிவாகச் சில மாதங்கள் ஆகும் என்பதால் மிகச் சமீபத்தியவை தெரியாது. அடுத்தது பலர் பார்க்காமல் விடுவது: வீட்டின் எனர்ஜி சான்றிதழ். அரசு இணையதளத்தில் முகவரியைப் போட்டால் இலவசமாகக் கிடைக்கும், அதில் வீட்டின் பரப்பளவு சதுர மீட்டரில் இருக்கும். விற்ற விலையைப் பரப்பளவால் வகுத்தால் சதுர மீட்டருக்கு என்ன விலை என்று வரும். மூன்று படுக்கையறை என்ற பெயரில் 75 சதுர மீட்டர் வீடும் உண்டு, 95 சதுர மீட்டர் வீடும் உண்டு, இரண்டும் ஒரே விலைக்குப் போகாது. நாலைந்து வீட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டு, மாடியில் லாஃப்ட் (கூரைக்கு அடியில் அறை) எடுத்தது, பின்னால் நீட்டிக் கட்டியது, சமையலறை புதுசா பழசா என்று கூட்டிக் கழித்தால் ஏஜென்ட் சொல்வதைவிட நம்பகமான ஒரு வரம்பு கையில் இருக்கும்.

7 பவுண்ட் கட்டினால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் அந்த வீட்டின் டைட்டில் பதிவையும் (உரிமைப் பதிவு) எடுக்கலாம். யார் பெயரில் இருக்கிறது, எப்போது வாங்கினார்கள், எந்த வங்கிக்கு அடமானத்தில் இருக்கிறது என்பது தெரியும். நெடுநாள் முன்பு வாங்கிக் கடன் இல்லாமல் வைத்திருப்பவருக்கு 10,000 பவுண்டில் இருக்கும் பதற்றமும், மூன்று வருடம் முன்பு உச்ச விலைக்கு வாங்கியவருக்கு இருக்கும் பதற்றமும் ஒன்றல்ல. ஏஜென்டிடமே “ஏன் விற்கிறார்கள், எப்போது போக வேண்டும்?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். நிறையப் பேர் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய எண் வேறொன்று, அதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். இருவரும் முதல் வீடு வாங்குகிறவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, முதல் வீடு வாங்குகிறவருக்கு 300,000 வரை ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டும் வரி) இல்லை, அதற்கு மேல் 500,000 வரையுள்ள தொகைக்கு 5 சதவீதம். வீட்டின் விலை 500,000ஐ ஒரு பவுண்ட் தாண்டினாலும் சலுகை முழுவதும் போய்விடும், எல்லோரையும் போல வரி கட்ட வேண்டும். 490,000க்கு வாங்கினால் உங்கள் வரி 9,500. 500,000க்கு 10,000. அதுவே 505,000 என்றால் 15,250. அதாவது 500இலிருந்து 505க்கு ஏறுவது உங்களுக்கு 5,000 பவுண்ட் செலவல்ல, 10,250 பவுண்ட். அதில் பாதிக்கு மேல் வரியாகவே போகிறது, ஓனருக்கும் கிடைக்காது, ஏஜென்டுக்கும் கிடைக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே 501க்கும் சுமார் 510க்கும் இடையில் உள்ள எந்த ஆஃபரும் உங்களுக்கு மோசமான ஆஃபர் என்பேன். ஒன்று 500இல் நில்லுங்கள், அல்லது அந்த வீடு நிஜமாகவே அதைவிட நிறைய மதிப்புள்ளது என்று உங்கள் கணக்கு சொன்னால் மட்டும் தாண்டுங்கள்.

“500 வீட்டுக்கு, 5 சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும்” என்று பிரித்து எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். விட்டுப்போகும் பொருட்கள் நிஜமாகவே அந்த விலை பெறுமானால் சரி. பழைய சோபாவுக்கு 5,000 போட்டால் அது வரி ஏய்ப்பு, உங்கள் சாலிசிட்டரும் கையெழுத்து வைக்க மாட்டார்.

முதல் வீடு என்பதற்கு அர்த்தம் இங்கே முதல் வீடு என்பதல்ல. உலகத்தில் எங்கேயும் வீடு சொந்தமாக இருந்திருக்கக் கூடாது, இருவருக்கும். யாழ்ப்பாணத்தில் அப்பா உங்கள் பெயருக்கு எழுதிவைத்த வீடு, மதுரையில் அண்ணனோடு கூட்டாக வந்த பூர்வீக வீடு, மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு, எல்லாம் இதில் வரும். இன்றும் அப்படி ஒரு வீடு பெயரில் இருந்தால், சலுகை போவது மட்டுமல்ல, கூடுதல் வீட்டுக்கான 5 சதவீதம் மேலே சேரலாம். 500,000க்கு அது 25,000 பவுண்ட். விதிவிலக்குகள் உண்டு, அதனால் ஆஃபர் ஏற்கப்படும் முன்பே சாலிசிட்டரிடம் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

வங்கியின் மதிப்பீட்டையும் மறக்க வேண்டாம். நீங்கள் 505க்கு ஒப்புக்கொண்டு 90 சதவீதக் கடன் கேட்கிறீர்கள் என்றால் கையிலிருந்து போட வேண்டியது 50,500. வங்கி அனுப்பும் ஆள் வீடு 485தான் பெறும் என்றால், வங்கி 485இல் 90 சதவீதமே தரும். அப்போது நீங்கள் போட வேண்டியது 68,500. அந்த 18,000ஐ யாரிடம் கேட்பது? போட்டியில் உசுப்பேறி ஏற்றிய விலைகளில் இது நடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அப்படியானால் எதை வைத்துப் பேரம் பேசுவது? முன்னே சொன்ன பயத்தை வைத்துத்தான். இந்த விற்பனை கலையாது என்று ஏஜென்டை நம்ப வையுங்கள். நீங்கள் விற்க வேண்டிய வீடு எதுவும் இல்லை, அதுவே உங்கள் பெரிய பலம், அதை ஒவ்வொரு மின்னஞ்சலிலும் சொல்லுங்கள். அக்ரிமென்ட் இன் பிரின்சிபிள், முன்பணம் இருக்கும் வங்கிக் கணக்கு அறிக்கை, சாலிசிட்டரின் பெயர், ஒரு வாரத்தில் சர்வேக்கு ஏற்பாடு செய்கிறோம் என்ற உறுதி, ஓனருக்கு வசதியான தேதிக்கு வீடு மாறத் தயார் என்ற ஒரு வரி. இவ்வளவும் ஒரே மின்னஞ்சலில் வந்தால், 5,000 கூடுதலாகச் சொல்லிவிட்டுப் பேப்பர் எதுவும் காட்டாதவரைவிட உங்களையே ஏஜென்ட் ஓனரிடம் தூக்கிப் பேசுவார். நானே அப்படிப் பேசியிருக்கிறேன். முன்பணம் எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே ஒழுங்கு செய்யுங்கள். பணமோசடித் தடுப்பு விதிகளால் ஏஜென்ட், சாலிசிட்டர், வங்கி மூவருமே கேட்பார்கள். மாமா கொடுத்தது என்றால் திருப்பித் தர வேண்டாம் என்ற அன்பளிப்புக் கடிதமும் மாமாவின் கணக்கு அறிக்கையும் வேண்டும். சீட்டு எடுத்த பணம் ரொக்கமாக வீட்டில் இருக்கிறது என்றால் அதுதான் நம்மவர்களின் விற்பனைகளைத் தாமதப்படுத்தும் முதல் காரணம். கடைசி வாரத்தில் அதற்கு விளக்கம் தேடி ஓடுவதில் பயனில்லை.

சொல்லக் கூடாதவையும் உண்டு. உங்கள் உச்ச வரம்பு, இப்போதைய வாடகை வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும், பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடம் வேண்டும் என்பது, ஏற்கனவே இரண்டு வீடுகளை நழுவவிட்டது. “இதுதான் கடைசி” என்று சொன்னால் அது கடைசியாகவே இருக்கட்டும். ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் ஏறினால், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அவர் கடைசி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒருவேளை எல்லோரையும் ஒரே நாளுக்குள் கடைசி விலையை எழுதித் தரச் சொன்னால், வழக்கமாக நான் சொல்வது முழு எண்ணாக எழுத வேண்டாம் என்பது. 480 என்று நாலு பேர் எழுதும் இடத்தில் 481,350 என்று எழுதியவருக்குக் கிடைத்துவிடும். உங்களுக்கு மட்டும் 500இல் இந்த உத்தி செல்லாது, காரணம் மேலே சொன்ன வரி. முதல் வீடு வாங்கும் மற்றவர்களும் அதே 500இல்தான் வந்து நிற்பார்கள். அங்கே ஆவணங்கள் தயாராக இருப்பவருக்குத்தான் சாதகம். அதிகம் எழுதியவருக்கே ஓனர் கொடுத்தாக வேண்டும் என்று விதி இல்லை. “மாடர்ன் மெத்தட் ஆஃப் ஆக்‌ஷன்” (ஒரு வகை ஏல விற்பனை) என்று விளம்பரத்தில் இருந்தால் மட்டும் உஷாராகுங்கள். அதில் வாங்குகிறவர் பெரிய முன்பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், விலகினால் திரும்பி வராது, பெரும்பாலும் வீட்டு விலையிலும் கழியாது. சாதாரண விற்பனையில் வாங்குகிறவர் ஏஜென்டுக்குக் கமிஷன் எதுவும் தர வேண்டியதில்லை.

ஆஃபர் ஏற்கப்பட்டாலும் வீடு உங்களுடையது ஆகிவிடாது. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் வீடு சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும். கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைச் சாலிசிட்டர்கள் எக்ஸ்சேஞ்ச் செய்யும் (மாற்றிக்கொள்ளும்) நாள்வரை, சாதாரணமாகச் சில மாதங்கள், ஓனர் இன்னொருவரிடம் கூடுதல் விலை வாங்கிக்கொண்டு உங்களைக் கைவிடலாம், நீங்களும் விலகலாம். அதனால் ஆஃபரிலேயே “வீட்டை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்து, இனி யாருக்கும் காட்டக் கூடாது” என்று நிபந்தனை எழுதுங்கள். கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் ஒப்புக்கொண்ட ஏஜென்ட் பெரும்பாலும் காப்பாற்றுவார். நடுவில் ஏதாவது அப்பட்டமான பொய் தெரியவந்தால் முதலில் ஏஜென்சிக்கே எழுத்தில் புகார், எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் அவர்கள் உறுப்பினராக இருக்கும் குறைதீர்ப்பு அமைப்புக்கு. 2008 முதல் எல்லா எஸ்டேட் ஏஜென்டும் அப்படி ஒன்றில் இருந்தாக வேண்டும். இழப்பீடு கிடைக்கலாம், போன வீடு திரும்பி வராது.

உங்கள் இடத்தில் நான் என்ன செய்வேன் என்றால், இன்று இரவு சதுர மீட்டர் கணக்கைப் போடுவேன். அது 500க்கு அருகில் வந்தால், நாளை மதியத்துக்குள் மேலே சொன்ன ஆவணங்களுடன் 496 என்று எழுதி, காட்டுவதை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்புவேன். திருப்பி அழைத்தால் 500, அதோடு நிறுத்திக்கொள்வேன், காரணம் வரி என்பதை மறைக்காமல் சொல்வேன். அது ஏஜென்டுக்குப் புரியும் காரணம், பேரத் தந்திரமாகத் தெரியாது. கணக்கு 480க்குக் கீழே வந்தால் 490ஐயே விட்டுவைத்து ஒரு பவுண்டும் ஏற மாட்டேன். வீடு மற்றவருக்குப் போய்விட்டால், எங்கள் ஆஃபர் அப்படியே இருக்கிறது, அந்த விற்பனை நடக்காவிட்டால் கூப்பிடுங்கள் என்று இரண்டு வரி எழுதிவைத்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போவேன். செயினில் சிக்கியவர்களின் விற்பனைகள் கலைந்து, ஆறேழு வாரம் கழித்து அந்த போன் வருவது இந்தத் தொழிலில் சகஜம்.